கூட்டு வேலையின் எடை

சண்முகக்கனி எதிலும் எண்பது வாங்குகிற பெண். எழுத்துத் தேர்வில் எண்பது, ஆய்வுக்கூடத்தில் எண்பது, கடலடி வரைபடத்தில் எண்பது. எழுபத்தொன்பதும் இல்லை, எண்பத்தொன்றும் இல்லை. வாத்தியார்கள் அவள் தாளைப் பிரிக்காமலே மார்க் போட்டுவிடுகிறார்கள் என்று ஹாஸ்டலில் கேலி பேசுவார்கள். நான்காவது வேலையில்தான் கால் வழுக்கியது. அதில் முப்பது.

அந்த முப்பதைப் பற்றி அவள் ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை. கூச்சம் என்று நினைக்க வேண்டாம். கடற்பயிர்க் கல்லூரி ஹாஸ்டலில் அப்படி ஒரு பழக்கம். மார்க் குறைந்த வேலையின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அது" என்பார்கள், அவ்வளவுதான். மார்க் அள்ளிய வேலை என்றால் கதையே வேறு. அந்த வேலையைச் செய்த அன்று போட்டிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, அன்று சாப்பிட்டதையே சாப்பிட்டு, அதைப் பற்றியே பேசித் தீர்ப்பார்கள். துவைத்தால் சட்டையின் ராசி போய்விடும் என்று நம்புகிற கூட்டமும் உண்டு. எடை போடும் மாதம் வந்துவிட்டால் ஹாஸ்டல் படிக்கட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

எல்லாம் அந்தத் தலையணை செய்த வேலை. முன்பெல்லாம் தேர்வுக்கு இவ்வளவு, ரெக்கார்டுக்கு இவ்வளவு, செய்முறைக்கு இவ்வளவு என்று வெயிட்டேஜை வாத்தியார்களே நிர்ணயித்தார்கள். அதில் வராத சண்டை இல்லை. கோர்ட் வரைக்கும் போனார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், எந்த வேலை எவ்வளவு கனம் என்பதைப் படித்தவனின் மனசே சொல்லட்டும் என்றான். மார்க்கை வாத்தியார் போடுவார். எடையை உறக்கம் சொல்லும். மத்தியானம் எடைக்கூடத்தில் போய் அந்தத் தலையணையில் தலை வைத்துத் தூங்கினால், எந்தெந்த வேலை உள்ளே எவ்வளவு ஆழத்தில் படிந்திருக்கிறது என்று அது பார்த்துச் சொல்லிவிடும். எது உன்னிடம் தங்கியதோ அதுதான் நீ படித்தது என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எடைக்கூடத்தின் பொறுப்பாளர் வேலாயுதப்பெருமாள். ஊரையெல்லாம் தூங்க வைத்துவிட்டுத் தான் மட்டும் முழித்திருக்கிற உத்தியோகம் அவருக்கு. அந்த எரிச்சலை அவர் கொட்டாவியாக மட்டுமே காட்டிக்கொள்வார். கனி போன அன்று, பச்சைத் திரை வழியாகக் கடல் வெளிச்சம் கூடம் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் நிற்கிற மாதிரியே அவளுக்குப் பட்டது. படுப்பதற்கு முன் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஒனக்குக் கணக்கு சுளுவும்மா," என்றார் பெருமாள். "நாலு வேலையோட எடையும் சேந்து நூறு. ஒவ்வொரு மார்க்கையும் அதோட எடையால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, நூறால வகுக்கணும். ஒனக்கு மூணு எண்பது, ஒரு முப்பது. அந்த மூணுல எது கூடினாலும் கொறஞ்சாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, எல்லாம் ஒரே எண்பது. அந்த முப்பது வாங்கின வேலையோட எடைதான் விஷயம். அது எவ்வளவு ஏறுதோ, அதுல பாதி எண்பதுல கொறையும்."

"எவ்வளவு வரைக்கும் தாங்கும் சார்?"

"முப்பது. எடை முப்பதுன்னா பதினஞ்சு போயி அறுபத்தஞ்சு நிக்கும். அதுக்கு மேல ஏறுச்சுன்னா லைசென்ஸ் கெடையாது."

அறுபத்தைந்துக்குக் கீழே வந்தால் கடற்காப்பாளர் உரிமம் இல்லை. உரிமம் இல்லாதவர்களைக் கடல் தண்ணீருக்குள் விடுவதில்லை. கரையில் உட்கார்ந்து கணினி பார்க்கும் வேலை எத்தனையோ கிடைக்கும். கனிக்கு அது வேண்டாம். கடல் ஏறி வந்து எடுத்துக்கொண்ட கீழூரில் அவளுக்கு முப்பது பவளங்கள் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் ஒரு காலைகூட அவளுக்கு விடிந்ததில்லை. இனிமேல் பார்க்கவே முடியாது என்பதை அவளால் நினைக்க முடியவில்லை.

"ஆனா உன் எடை மட்டும் பத்தாது," என்றார் பெருமாள். "அது கூட்டு வேலை. கூட வேலை செஞ்சவளும் வந்து தூங்கணும். ரெண்டு பேரு எடையையும் கூட்டி ரெண்டால வகுக்கணும். படிப்ப விட்டுட்டுப் போனாலும் அந்தப் பிள்ளை வந்துதான் ஆகணும். சொல்லி அனுப்பியாச்சு."

கனி படுக்கையில் ஏறினாள். தலையணையில் தலை வைத்தாள். காதுக்குள் சிப்பிச் சத்தம் கேட்டது.

கனவில், கடலுக்கடியில் கீழூரின் பஸ் நிறுத்தம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கூரை இருந்தது, உட்காரும் கல் இருந்தது. பக்கத்துக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியபடி இருக்க, அதற்குள் மீன்கள் போய்ப் போய் வந்தன. கூட்டு வேலையில் கூட இருந்த பிளேவியா கூரைக் குழாயைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். நூறு பவளத் துண்டுகளை அந்தக் குழாய்களில் நூல் கயிற்றால் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுண்டு விரல் அளவுதான். தினமும் காலையில் போய்ப் பாசி துடைத்தார்கள். தண்ணீருக்கு அடியில் சிரித்தால் குமிழியாகத்தான் வரும். யார் குமிழி முதலில் மேலே போகிறது என்று பந்தயம் வைப்பாள் பிளேவியா.

பிறகு தண்ணீர் சுட்டது. வெந்நீர் வருகிறது என்று எச்சரிக்கை வந்தபோது, துண்டுகளைப் பிடுங்கி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றாள் கனி. இப்போதுதான் வேர் பிடித்த மாதிரி ஒட்டியிருக்கின்றன, பிடுங்கினால் எல்லாம் போய்விடும் என்றாள் பிளேவியா. விட்டுவிட்டார்கள். எழுபது வெளுத்துச் செத்தன. நட்டது நூறு, பிழைத்தது முப்பது, மார்க்கும் முப்பது. திரும்பி வரும் படகில் கனி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "உன்னாலதான்."

கண் விழித்தபோது முகம் ஈரமாக இருந்தது. பெருமாள் அவளைப் பார்க்காமல் எடை காட்டும் திரையைப் பார்த்தார்.

"அம்பத்திரண்டு," என்றார். "என்னம்மா இப்படிச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்க."

அன்று ஹாஸ்டலில் யாரும் கனியிடம் எடை என்ன என்று கேட்கவில்லை. அவள் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். கணக்கு அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சராசரி முப்பதுக்குள் நிற்க வேண்டுமானால் பிளேவியாவின் எடை எட்டைத் தாண்டக் கூடாது. பிளேவியாவுக்கு எட்டா? செத்த துண்டுகள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தவள் அவள். மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள். மேட்டுத் தூத்துக்குடியில் மக்ரூன் சுடுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

போன பிறகும் அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். "கனி, நம்ம பஸ் ஸ்டாண்டுல..." என்று ஆரம்பிப்பாள். கனி உடனே மறித்துவிடுவாள். அதைப் பேசாத பிளேவி, எடை ஏறிரும். வேறு ஏதாவது பேசு. வேறு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அழைப்பு நின்றுபோயிற்று. சொல்ல வேண்டியது ஒன்று கனியிடம் இருந்தது. வெந்நீர் வந்தபோது மேற்குக் கரைக் குழு தன் துண்டுகளைப் பிடுங்கி ஆழத்தில் நட்டது. அவர்களுக்கு நூற்றில் பிழைத்தது பன்னிரண்டு. பிளேவியா சொன்னதுதான் சரி. எடை போட்டு முடியட்டும், முதல் வேலையாக அதைச் சொல்லிவிடலாம் என்று கனி ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மத்தியானம் பிளேவியா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மேலெல்லாம் முந்திரியும் சர்க்கரையும் மணத்தது. கையில் ஒரு அட்டைப் பெட்டி. கனி எழுந்து நின்றாள்.

"நீங்கதான் சண்முகக்கனியா?" என்றாள் பிளேவியா. "கடையில சுட்டது. எடுத்துக்கோங்க."

கோபம் என்றுதான் கனி நினைத்தாள். ஏட்டி, போட்டி என்று மூன்று வருஷம் பேசிய வாயில் இந்த மரியாதை வந்தால் வேறு என்ன நினைப்பது. பெட்டியை வாங்கிக்கொண்டாள். பிளேவியா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தவள்போல அடக்கமாகப் போய்ப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள். புருவம்கூட அசையவில்லை.

பெருமாள் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாலு," என்றார்.

அம்பத்திரண்டும் நாலும் அம்பத்தாறு. அதில் பாதி இருபத்தெட்டு. எண்பதில் பதினாலு போனால் அறுபத்தாறு. கனி பாஸ். கணக்கு முடிந்த அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. அடுத்த நிமிஷமே தூங்குகிற பிளேவியாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் காலைகள், அந்தக் குமிழிகள், எல்லாம் சேர்ந்து நாலுதானா?

பெருமாள் தூங்குகிறவளின் பக்கம் குனிந்து காதுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு வட்டம். கனியை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"லேசு பண்ணியிருக்கா," என்றார். "துக்கம் தாங்காதவங்களுக்குச் செய்வாங்கல்லா, அது. மூணு மத்தியானம் படுத்தாப் போதும். நடந்தது முழுசா மறக்காது. யாருக்கோ நடந்த மாதிரி ஆயிரும், அதுல கூட இருந்தவங்களும் அந்நியமாயிருவாங்க. படிக்கிற பிள்ளைங்க அதச் செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா இந்தப் பிள்ளை இப்ப படிக்கலயே. படிக்காத ஒருத்தி, படிக்கிற ஒருத்திக்காகப் போயிச் செஞ்சுக்குவான்னு சட்டம் எழுதினவன் நெனச்சிருக்க மாட்டான்."

கனி கையிலிருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாள்.

பெருமாள் மேலும் சொன்னார். இருவர் எடையும் இவ்வளவு தூரம் விலகி இருந்தால், மறுநாள் இன்னொரு முறை இருவரையும் தூங்க வைக்க வேண்டும். அந்த இரண்டாவது எடைதான் செல்லும். வட்டம் இன்னும் சிவப்பாக இருப்பதால் கடைசி மத்தியானம் முந்தாநாள்தான் இருக்கும். புதிதாகப் பூசிய சிமென்ட் மாதிரி அது. இன்று ராத்திரித் தூக்கத்தோடு காய்ந்து இறுகிவிடும். நாளைக்கும் நாலுதான் வரும். கவலையே வேண்டாம்.

"காயறதுக்கு முந்தி யாராவது அதப் பத்திப் பேசினா?"

பெருமாள் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். "ஈரத்துல கை வச்சா தடம் விழும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. ஏறுச்சுன்னா ஒன் மார்க் போயிரும். பேசக் கூடாதுன்னு சட்டமெல்லாம் எதுவும் இல்லம்மா. அது ஒங்க ஹாஸ்டல் பழக்கம்தான்."

கேன்டீனில் பிளேவியா டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கனி எதிரே உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் என்ன அது என்று கேட்டாள்.

"அதுவா," என்று பிளேவியா தடவிப் பார்த்துக்கொண்டாள். "நானாத்தான் போயி லேசு பண்ணிட்டு வந்தேன். ஏம்னு கேட்டா சொல்லத் தெரியலைங்க. யாருக்கோ இது கனமா இருக்கப்பிடாதுன்னு தோணியிருக்கு. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு."

அதற்குப் பிறகு அவள் ஆர்டர்களைப் பற்றிப் பேசினாள். கிறிஸ்துமஸ் நெருங்குவதால் அடுப்பு அணைவதே இல்லையாம். கனியின் காதில் அது எதுவும் ஏறவில்லை. தன் முன்னால் ஒரு நல்ல பெண் உட்கார்ந்து மரியாதையாகப் பேசுகிறாள். நாளை மத்தியானம் வரை இப்படியே விட்டுவிட்டால் உரிமம் கையில். அந்த முப்பது பவளத்தையும் ஆயுசுக்கும் பார்க்கலாம். கூட நட்டவள் மட்டும் அந்நிய மனுஷியாக எங்கோ மக்ரூன் சுட்டுக்கொண்டிருப்பாள். ஒரு வருஷம் பேசாமல் இருந்தாயிற்று, இன்னும் ஒரு ராத்திரிதானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலின் மீது கனிக்கு முதல் தடவையாக வெறுப்பு வந்தது.

"படகுல போவோமா?" என்றாள்.

கல்லூரியின் கண்ணாடித் தளப் படகு ஒன்று சும்மாதான் கிடந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் மஞ்சள் வெளிச்சம் சரிவாக இறங்கி, கீழூரின் கூரைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டது. காலுக்கடியில் தெரு ஊர்ந்து போயிற்று. பஸ் நிறுத்தத்துக்கு நேர் மேலே கனி மோட்டாரை நிறுத்தினாள்.

நிறுத்திவிட்டு ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக "அது" என்று மட்டும் சொல்லி வந்ததைப் பெயர் சொல்லிச் சொன்னாள். நூறு துண்டுகள். குமிழிப் பந்தயம். வெந்நீர். பிடுங்கலாம் என்று தான் சொன்னது, வேண்டாம் என்று அவள் சொன்னது. படகில் சொன்ன அந்த ஒரு வார்த்தை. மேற்குக் கரையின் பன்னிரண்டு.

"நீ சொன்னதுதான் சரி," என்றாள் கனி. "தெரிஞ்சும் சொல்லல. எடை ஏறிரும்னு பயந்துகிட்டு, நீ கூப்பிட்டப்ப எல்லாம் வாய அடைச்சேன்."

பிளேவியா தலையாட்டிக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் கஷ்டத்தைக் கேட்கிற மாதிரி அங்கங்கே அடடா என்றாள். அந்தப் பிள்ளை பாவம்ங்க என்றுகூட ஓரிடத்தில் சொன்னாள். கனிக்கு அழுகை வந்தது. மார்க்கும் போகப்போகிறது, இவளும் வரப்போவதில்லை என்று புரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. சொல்லச் சொல்லத் தனக்கே மூச்சு விட எளிதாக இருப்பதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

கீழே முப்பது பவளங்களும் மாலை வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாக நின்றன. இப்போது உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தன. பிளேவியா கண்ணாடியின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த மூலைக் குழாயில மட்டும் கறுப்புக் கயிறு," என்றாள். "அது நான் கட்டினதா?"

"நீதான். நீலக் கயிறு தீந்துபோச்சு."

"தலைமுடியில கட்டியிருந்தேன்," என்றாள் பிளேவியா மெதுவாக. கரைக்குத் திரும்பும்வரை ஒரு கையைத் தண்ணீரில் போட்டபடியே வந்தாள்.

மறுநாள் மத்தியானம் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் படுத்தார்கள். கனிக்குக் கனவே வரவில்லை. குளித்துவிட்டு வந்து படுத்தவள்போலத் தூங்கினாள். பெருமாள் தோளைத் தொட்டு எழுப்பியபோது, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. பிளேவியா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் புருவம் சுருங்கியிருந்தது, உதடு எதையோ முணுமுணுத்தது.

"அந்தப் பிள்ளைக்கு ஏறிப்போச்சு," என்றார் பெருமாள். "இருபத்தேழு."

கனி கண்ணை மூடிக்கொண்டாள். அம்பத்திரண்டும் இருபத்தேழும் எவ்வளவு என்று கூட்டக்கூட அவளுக்கு மனசில்லை.

"அவசரப்படாத. ஒன்னோடத சொல்லலயே. முப்பத்திமூணு." அவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒங்கிட்ட இருந்துதான் எறங்கியிருக்கு. ரெண்டும் சேந்து அறுபது, பாதி முப்பது. நேத்தைக்கு இன்னைக்கு ஒரு மார்க் கொறையுது. அறுபத்தஞ்சு. கோட்டு மேலேயே நிக்க."

கனிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வருஷம் ஹாஸ்டலே சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு திரிந்ததை நினைத்தாள். பேசியிருந்தால் இறங்கியிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்துப் படுக்கையில் பிளேவியா எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த தலையோடு பச்சைத் திரையைப் பார்த்தாள், பெருமாளைப் பார்த்தாள், கடைசியில் கனியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஏட்டி," என்றாள். "அன்னைக்குப் படகுல வச்சு என்னாலதான்னு சொன்னேல்லா நீ? எழுபதும் செத்துக் கெடக்கு, நான் கையில வச்சுக்கிட்டு நிக்கேன், என் மூஞ்சியப் பாத்து அப்படிச் சொல்லுத. போன் பண்ணினா பேசவிட மாட்டேங்குத. மனுஷிதானா நீ?"

தூங்குகிற மற்றப் பிள்ளைகளின் எடை கெட்டுவிடும் என்று பெருமாள் கையைக் காட்டி அமர்த்தப் பார்த்தார். பிளேவியா அடங்குகிற வழியாக இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே திட்டினாள், வாசல் வரைக்கும் திட்டினாள். கனி அவள் பின்னாலேயே நடந்தாள்.

"சொல்லுட்டி," என்றாள் கனி. "இன்னும் இருக்கும். எல்லாத்தையும் சொல்லு."